கம்பியில் உயிர் இருக்கையில்

அந்தச் சத்தம் என்னக்கா என்று கேட்டாய். இருட்டின பிறகு, தூறல் விழ ஆரம்பித்ததும், கூரைக்கு மேலே யாரோ பெரிய வாணலியில் அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம். பொரிந்து முடியவே முடியாத அப்பளம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என் வாசலில் நின்றாயே, அப்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா, தமயந்தி? போன வருஷம் நான் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் மழையன்று கண்ணாடியில் பார்த்த முகம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

மின்சாரக் கம்பிதான், ஈரக் காற்று பட்டால் அப்படித்தான் பொரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். அது பாதிதான். மீதியைச் சொல்வதற்குள் உன் பிள்ளை சிணுங்கினான், நீ போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் சாயந்திரமே ஜீப்பில் டவருக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி அங்கே கூடாரத்தில் படுத்து, காலையில் பனி காய்ந்ததும் ஏறப் போகிறார். புது ஊர், புது வீடு, கைக்குழந்தை, தலைக்கு மேல் இந்தச் சத்தம். உனக்குத் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் விளக்கை அணைக்க விடாமல் உள் அறையில் படுத்திருக்கிறார். உமா தொட்டிலில். நான் சமையலறையில் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன். காலையில் உன் கையில் கொடுத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன்; எழுதும்போது அழ மாட்டேன். கான்வென்டில் அப்படிப் பழக்கிவிட்டார்கள். அழுகிற பெண்ணை மதர் பெனடிக்டா தேற்ற மாட்டாள். ஒரு காகிதத்தை நீட்டி, எழுது, எழுதி முடிக்கிற வரைக்கும் அழக் கூடாது என்பாள்.

முதலில் கதவு. சாயந்திரம் போகிற போக்கில் உன்னிடம் சொன்னேன், கதவைச் சும்மா சாத்தி வை, தாழ் போடாதே என்று. நீ தலையாட்டினாய். வீட்டுக்குப் போனதும் போட்டுவிட்டாய். நடுவில் ஒரு சுவர்தானே, எனக்குக் கேட்டது. மேல் தாழ், கீழ்த் தாழ், இரண்டும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் போட்டவள்தான். போட்டதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். உன்னைப் பயமுறுத்த இல்லை.

இவரைப் பற்றிப் பேப்பரில் வந்ததை உன் வீட்டுக்காரர் வெட்டி வைத்திருக்கிறாராமே, நீயே சொன்னாய். மின்சாரம் ஓடுகிற லைனிலேயே வேலை செய்து காட்டிய சிதம்பரநாதன், இந்த வட்டாரத்தில் முதல் ஆள், அப்படி இப்படி என்று போட்டிருந்தார்கள். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறார். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவள் நான். அதைப் பேப்பரில் போடவில்லை.

அதற்கு முன்னால் எப்படி என்று உனக்குத் தெரியணும். டவரில் தொங்குகிறதே பீங்கான் தட்டுகள், அதில் ஒன்றில் விரிசல் விழுந்தால் முழு லைனையும் நிறுத்திவிட்டுத்தான் மாற்றுவார்கள். மலையில் மின்சாரம் இருக்கும், கீழே மில்லெல்லாம் இருட்டில் நிற்கும், தோட்டத்துக்காரர்கள் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் சப்ஸ்டேஷன் வாசலில் வந்து கத்துவார்கள். ஏறுகிறவர் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். லைன் கிளியர் என்று சொல்வார்கள். சாவி அவர் இடுப்பில் இருக்கிற வரைக்கும் கவர்னரே வந்து கேட்டாலும் அந்த லைனில் மின்சாரம் விட முடியாது. அவர் இறங்கி வந்து, அவர் கையால் சாவியைக் கொடுத்தால்தான் உண்டு. வேறு யாரும் கொடுக்க முடியாது.

அதற்கு ஒட்டினாற்போல் இந்தக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஒரு வழக்கம். சாவி அவர் இடுப்பில் இருக்கிற வரைக்கும் வீட்டுக் கதவைத் தாழ் போடக் கூடாது. அங்கே அவர் பூட்டியிருக்கிறார், இங்கே நாம் பூட்டக் கூடாது. வேலைக்கென்று வீட்டைவிட்டு இறங்கினால் அப்போதிருந்து கணக்கு. திரும்பி வந்து அவரே தாழ் போடணும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. மேஸ்திரி பெரியகருப்பன் சம்சாரம் அங்கம்மாள் நான் வந்த வாரமே வந்து சொன்னாள். நான் சயன்ஸில் மெடல் வாங்கினவள், தமயந்தி. சிரித்தேன்.

அங்கம்மாள் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள, சிரிக்கத்தான் செய்வே" என்றாள். "எங்க வீட்டுக் கதவுல தாழ்ப்பாளே கிடையாது, தெரியுமா? கல்யாணமான அன்னைக்கே கழட்டிட்டேன்."

அப்புறம்தான் இவர் வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து வந்தார். போகும்போது நான் மசக்கையில் இருந்தேன். வரும்போது வீட்டில் உமா இருந்தாள். அவரும் சும்மா வரவில்லை, ஆள் உயரத்துக்கு மேலே நீளமான ஆரஞ்சு நிறக் கம்புகள் ஒரு கட்டு. ஏதோ கண்ணாடி நூலில் செய்ததாம், மின்சாரம் ஏறாதாம். அந்தக் கம்பால் லைனை நகர்த்தி வைத்துவிட்டு, மின்சாரம் ஓடும்போதே பீங்கானை மாற்றலாமாம். ஆனால் கம்பில் ஈரம் படக் கூடாது. தூசி படக் கூடாது. கைரேகைகூடப் படக் கூடாது. ஸ்டோரில் ஓட்டு இடுக்கில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லி நம் வீட்டு முன்னறையில் வைத்தார். இந்த மலையடிவாரத்தில் வெயில் எட்டிப் பார்க்கிற ஒரே அறை அதுதான். அங்கேதான் உமாவின் துணிகளைக் காயப் போடுவேன். ஈரத் துணி கம்புக்கு ஆகாது என்று கொடியை அவிழ்த்துவிட்டார். நான் சமையலறை அடுப்புக்கு மேலே காயப்போட்டு, பிள்ளை துணியெல்லாம் ரச வாசனை. தினமும் சாயந்திரம் வந்து கால் கழுவுவதற்கு முன்னால் கம்புகளை ஒவ்வொன்றாக மெல்லிய துணியால் துடைப்பார். உமாவைக் குளிப்பாட்டித் துவட்ட ஒரு நாள் வந்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், நாளைக்கு உன் வீட்டிலும் அந்தக் கம்புகள்தானே.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நீங்கள் ஏறக் கூடாது. உமா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். வழி சொல்கிறவன் கீழே நின்றுதான் சொல்லணும், மேஸ்திரியும் இன்னொரு ஆளும்தான் ஏறுவார்கள், இதுதான் அங்கேயும் முறை என்றார். நம்பினேன்.

அன்றைக்குக் காலையில் அவர் ஷூவை இரண்டு தடவை பாலிஷ் போட்டார். ஒரு தடவை போட்டதை மறந்துவிட்டார். இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சட்னியில் உப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அது வேறு என்னை உறுத்தியது. வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்து உமாவின் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிறவர் நெற்றியைத் தொட மாட்டாரா? ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது.

அவர் போனதும் தாழ் போட்டேன். என்ன செய்வாய் சொல்லு. குவார்ட்டர்ஸில் ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை, எல்லாரும் டவருக்குப் போய்விட்டார்கள். நாலு மாதக் குழந்தை. ரோட்டில் போகிற ஆள் ஒருத்தன் சைக்கிளை நிறுத்திவிட்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு யோசித்தால் அவன் வீட்டைப் பார்க்கவில்லை, மேலே கம்பியைப் பார்த்திருப்பான். அப்போது அப்படித் தோன்றவில்லை. மேல் தாழ், கீழ்த் தாழ், இரண்டும்.

கொஞ்ச நேரத்தில் அங்கம்மாள் முருங்கைக்கீரையோடு வந்து கதவைத் தள்ளினாள். தள்ளினதும் திறக்கிற கதவென்று நினைத்து உடம்போடு சாய்ந்திருக்கிறாள், தோள் இடித்துவிட்டது. ஜன்னலுக்கு வந்தாள்.

"தாழ் போட்டிருக்கியா?"

ஆமாம் என்றேன்.

"மேல ஏறப் போறாங்களே, புள்ள."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அங்கே இன்றைக்கு ஸ்விட்சே பூட்டவில்லை, லைன் கிளியரே வாங்கவில்லை, பூட்டாத பூட்டுக்கு இங்கே எதற்குக் கதவைத் திறந்து வைக்கணும் என்று கேட்டேன். விவாதப் போட்டியில் பேசுகிற மாதிரி விரலை மடக்கிக் கேட்டேன். அங்கம்மாள் கீரையை ஜன்னல் கம்பிக்கு நடுவில் செருகிவிட்டுப் போய்விட்டாள். போனவள் நேராக, சாப்பாட்டுக் கேரியர் எடுக்க டவரிலிருந்து திரும்பி வந்திருந்த ஜீப் டிரைவர் காதரிடம் போயிருக்கிறாள். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

காதர் கேரியரை இறக்கும்போதே விஷயமும் இறங்கிவிட்டது. மேஸ்திரி பெரியகருப்பன் டவரில் கால் வைத்தவர் காலை எடுத்துவிட்டார். ஆட்கள் எல்லாரும் ஒதுங்கிப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மில் முதலாளிகள் இரண்டு பேர், பெரிய எஞ்சினியர்கள், பேப்பர்காரர், எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காதர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்து ஜன்னலில் நின்று இதைச் சொன்னான். மேஸ்திரி சொன்னதை அவர் குரலிலேயே சொன்னான்: "இடுப்புல சாவியும் இல்ல. எஞ்சினியர் வீட்டுக் கதவும் பூட்டியாச்சு. எதை நம்பி ஏறுறது?"

ஐயா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஐயா ஒண்ணும் சொல்லலீங்கம்மா. ஷூவைக் கழட்டிட்டாரு."

எனக்குப் புரியவில்லை.

"அவரே ஏறுறாருங்கம்மா" என்றான் காதர். "கதவைத் திறந்து வெக்கச் சொல்லி மேஸ்திரி சொல்லியனுப்புனாரு."

இதைத்தான் உன்னிடம் கேட்கணும் என்று ரொம்ப நாளாக, அதாவது உன்னைப் பார்ப்பதற்கு முன்னாலிருந்தே, யாரிடமாவது கேட்கணும் என்று வைத்திருந்தேன். படித்த மனுஷர், வெளிநாடு போனவர், ஒரு தாழ்ப்பாளுக்காகப் பிள்ளை தலையில் வைத்த சத்தியத்தை மீறலாமா? அதெல்லாம் மூட நம்பிக்கை, ஏறுங்கள் என்று ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? என்னைவிட அந்தப் புளியமரத்தடி ஆட்கள் அவருக்குப் பெரிசு.

கதவைத் திறந்தேன். முன்கதவு, பின்கதவு, ஜன்னல்கள். அது போதவில்லை எனக்கு. பீரோவைத் திறந்தேன், டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், அரிசி டின், பருப்பு டப்பா, குழந்தையின் பால்மாவு டப்பா, எதற்கெல்லாம் மூடி இருந்ததோ அதையெல்லாம் திறந்தேன். சயன்ஸ் மெடல் வாங்கினவள்தான். மெடல் இருந்த சின்னப் பெட்டியையும் திறந்து வைத்தேன்.

பிறகு உமாவை மடியில் போட்டுக்கொண்டு கதவுக்கு நேரே உட்கார்ந்தேன். பகலில் இந்தப் பொரிகிற சத்தம் இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் முனகுகிற சத்தம் மட்டும்தான். நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, வாயைத் திறக்காமல் யாரோ ம்ம்ம் என்று சொல்கிற மாதிரி. வந்த புதிதில் அதைக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்தது. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அது கேட்கிற வரைக்கும் லைனில் மின்சாரம் இருக்கிறது, லைனில் மின்சாரம் இருக்கிற வரைக்கும் டவரில் எதுவும் ஆகவில்லை. ஆள் மேல் பட்டிருந்தால் லைன் தானாக மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் என்று இவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது சொல்கிற விஷயமா அது? ஆகவே நான் ஜபமாலை உருட்டுகிற மாதிரி அந்த ம்ம்ம்-ஐ எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மாதாவே என்கிறேன், முருகா என்கிறேன், ம்ம்ம் என்கிறது. நிற்காதே, நிற்காதே.

அப்போதுதான் குரங்கு வந்தது.

மலையடிவாரத்தில் குரங்கு வராமல் இருக்குமா? அதுவும் எல்லாவற்றையும் திறந்து வைத்த வீட்டுக்கு. பின்வாசல் வழியாக வந்து, பால்மாவு டப்பாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் மாவாக என்னைப் பார்த்தது. அந்தத் தகர டப்பாவை வாங்க நான் டவுனுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறேன். அடிக்க எதுவும் கைக்கு அகப்படவில்லை. முன்னறை மூலையில் கம்புகளில் குட்டையானது ஒன்று மிச்சம் இருந்தது. கைரேகை படக் கூடாத கம்பு. அதை எடுத்து ஒரு வீசு வீசினேன். குரங்கு டப்பாவோடு வேலி ஏறியது. நான் வேலிவரைக்கும் துரத்தினேன். இதைத்தான் இன்றைக்கும் இந்தப் பெண்கள் சொல்லிக்காட்டுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அது எங்கே போகும் என்று நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? உமா அழுதாள், திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு வெடி. அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்றும் இல்லை, தமயந்தி. மின்விசிறி மெதுவாக நின்றது. ம்ம்ம் நின்றது. இந்த ஊரில் ஓடை இருக்கிறதென்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அவ்வளவு அமைதி. குரங்கை நான் நினைக்கவே இல்லை. அவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். உப்பில்லாத சட்னியோடு போய்விட்டார்.

வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கதவு திறந்திருந்ததால் யாரும் கூப்பிடவில்லை, தட்டவில்லை, நேராக உள்ளே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கம்மாள் என் மடியிலிருந்து உமாவை எடுத்துக்கொண்டாள். திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தாள், டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், மெடலைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் கோபம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஆபரேட்டரிடம் ஓடினேன். கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் நின்று, அவர் இருக்கிறாரா என்று கேட்டேன். அவருக்கு உள்ளே டெலிபோன் மேல் டெலிபோன், மில்லிலிருந்து, டவுனிலிருந்து. சாதாரண நாளாக இருந்தால் லைன் இப்படி நின்றதும் ஒரு தடவை மறுபடி விட்டுப் பார்ப்பார்களாம். அன்றைக்கு முடியாது. டவரிலிருந்து இவர் வாயால் சொன்னால்தான் விடணும் என்று இவரே எழுதி மாட்டியிருந்தார். டவரில் டெலிபோன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. காதர் ஜீப்பில் போயிருக்கிறான். "வார்த்தை வரணும்மா" என்றார் ஆபரேட்டர். நான் வேறு எதையோ கேட்ட மாதிரி திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "வார்த்தை வரணும்மா."

அங்கே நடந்தது காதர் சொல்லித்தான் தெரியும். வெடித்தபோது இவர் டவரில் பக்கவாட்டில் நீளுகிற இரும்புக் கைமேல் உட்கார்ந்து, கம்பால் லைனைத் தள்ளிப் பிடித்திருந்தாராம். கீழேயிருந்து சப்ளை போயிடுச்சு என்று கத்தினார்களாம். இவர் அசையவில்லை. போன மின்சாரம் எந்த நொடியில் திரும்ப வருமோ, யாருக்குத் தெரியும்? லைன் செத்ததென்று நம்பிக் கையை வைக்கக் கூடாது, இருக்கிறதென்று நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கணும். இறங்குங்க ஐயா என்கிறார்களாம், அசையவில்லை. ஐயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. சிலை மாதிரி என்றான் காதர். கண்ணைக்கூடத் திறக்கவில்லையாம். அப்படி ஒரு நிதானம்! பேப்பர்காரர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டாராம். அசைக்க முடியாத உறுதி என்று பேப்பரில் வந்ததே, அது இந்த இடம்தான்.

கடைசியில் மேஸ்திரி பெரியகருப்பனே ஏறினார். காலையில் ஏற மாட்டேன் என்ற மனுஷர். சாவி இல்லை, ஒன்றும் இல்லை, ஏறிவிட்டார். இவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கம்பைத் தான் வாங்கி, கூட ஏறின ஆளிடம் கொடுத்து, இவர் இடுப்பைச் சுற்றித் தன் கையைப் போட்டு, படிப்படியாகக் காலை எடுத்து வைத்து இறக்கினாராம். மாப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருகிற மாதிரி. அவ்வளவு மரியாதை அவர்மேல். காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்திருக்கும் மேஸ்திரிக்கு. இதை நான் காதரிடம் சொன்னபோது அவன் பாட்டுக்கு ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இங்கே வேலிக்கு அந்தப் பக்கம், டிரான்ஸ்பார்மர் நிற்கிற ஸ்விட்ச் யார்டில், கருகிக் கிடந்த குரங்கைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் பால்மாவு டப்பா. யார் வீட்டு டப்பா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாவம், அதற்குக் குட்டி இருந்ததா என்று நான் இரண்டு நாள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். டவரிலிருந்து வார்த்தை வந்தது, சொன்னது மேஸ்திரியா அவரா என்று நான் கேட்கவில்லை. ம்ம்ம் என்று ஆரம்பித்ததே, அப்போது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீதி வேலையை மேஸ்திரி முடித்தார், சப்ளை ஓடும்போதே. முடிந்த பிறகு டவருக்கு முன்னால் இவரை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

சாயந்திரம் வந்தார். கூடவே ஊரே வந்தது. நான் காபி கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அப்படியும் பாதி சட்டையில். மேலே காற்று குளிராக இருந்திருக்கும். ராத்திரியெல்லாம் ஆட்கள் வருவதும் போவதுமாக, கதவு திறந்தே கிடந்தது. எல்லாரும் போன பிறகு, நீங்களே வந்து தாழ் போடுங்கள், அதுதான் முறையாம் என்றேன், கொஞ்சம் கேலியாகத்தான். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. காலைவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு களைப்பு.

அன்றிலிருந்து நான் தாழ் போடவில்லை, தமயந்தி. இவர் போடாமல் நான் எப்படிப் போடுவது? அதோடு இவர் பெயர் ஏறுகிறவர் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தது, எந்த நேரமும் ஜீப் வரலாம். கதவைச் சாத்தி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைப்பேன். நாற்காலி கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாய்ச் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்ப்பேன். தூக்கம் போனது அப்போதுதான். அத்தனை மாதத்தில் ஜீப் என்னவோ அடிக்கடி வந்தது, ஆனால் இவரால் ஏற முடியவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே இவருக்கு வயிற்று வலி வந்துவிடும். என் சமையலோ என்று எண்ணெயைக் குறைத்தேன், காரத்தைக் குறைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அதிர்ஷ்டத்தைப் பார், ஒவ்வொரு தடவையும் சரியாக ஏறுகிற நாளில்தான் வலித்தது.

ராத்திரி விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மின்விசிறியை நிறுத்தினால் போச்சு. பெரிய மூளை, ராத்திரியும் வேலை செய்கிறது, என்ன செய்ய.

போன மாதம் ஒரு நாள் ரசம் சாதம் பிசைந்துகொண்டே சொன்னார், முதலில் செய்து காட்டுகிறவன் அப்புறம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போகணும், அதுதான் நியாயம் என்று. எனக்காகவும் உமாவுக்காகவும்தான் அந்த முடிவு. வெளியே சொல்ல மாட்டார். யாரை ஏறச் சொல்வீர்கள் என்று கேட்டேன். யாராவது இளைஞனாக, பிள்ளைகுட்டி இல்லாதவனாகப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் இருக்கிறான், நல்ல தைரியசாலி, என் பேப்பர் படத்தை மேஜையில் வைத்திருக்கிறான் என்றார். நீயும் பிள்ளையும் பின்னால் பஸ்ஸில் வருகிறீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ வந்து இறங்கினபோது இடுப்பில் பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அதனால்தான் அன்றைக்கே உனக்குக் குழம்பு கொடுத்தனுப்பினேன்.

இன்றைக்குச் சாயந்திரம் கம்புகளை ஜீப்பில் ஏற்றினார்களே, பார்த்தாயா? உன் வீட்டுக்காரர் எவ்வளவு பதமாகத் தூக்கினார். இவர் வாசலில் நின்று, துடைத்துத் துடைத்து வைக்கணும், ஈரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் உன் வீட்டுக்காரர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. உனக்குக்கூடச் சங்கடமாக இருந்தது, நீ குனிந்துகொண்டாய். பாசம், வேறென்ன. முன்னறை இப்போது காலி. கொடி கட்டி உமாவின் துணியைப் போட்டுவிட்டேன். நீ உன் பிள்ளையின் துணியை அடுப்புக்கு மேலே போடு, ஆனால் தாளிக்கும்போது எடுத்துவிடு.

நாளைக்கு ஒன்றும் ஆகாது. டிரான்ஸ்பார்மர் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாதே, அது கெட்ட பழக்கம், வந்தால் போகாது. பின்கதவை மூடிவிடு, முன்கதவு மட்டும் போதும் என்று அங்கம்மாளும் சொல்கிறாள், குரங்குக்குப் பிறகு வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டார்கள். பால்மாவு டப்பாவை உயரத்தில் வை. நான் காலையிலேயே உன்னோடு வந்து உட்கார்ந்துகொள்கிறேன், துடைப்பத்தோடு.

இப்போது உன் வீட்டுத் தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. முதலில் கீழ்த் தாழ். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மேல் தாழ். யோசித்து யோசித்துத் திறந்திருக்கிறாய். நல்ல பெண். உன் பிள்ளை இருமுகிறான், கதவிடுக்கில் காற்று வரும், ஒரு கோணிப்பையை மடித்து வை.

தூறல் விடவில்லை. மேலே பொரிந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சத்தத்துக்கு இவர் ஒரு பெயர் சொல்வார், லத்தீனில் கிரீடம் என்று அர்த்தமாம். இருட்டில் உற்றுப் பார்த்தால் கம்பியைச் சுற்றி நீலமாக மினுங்குமாம். கான்வென்ட் சேப்பலில் மாதா தலையில் இருந்த கிரீடம்தான் எனக்குத் தெரியும். அது சத்தம் போட்டதில்லை.

உள்ளேயிருந்து இவர் குரல் கேட்கிறது. தூங்கவில்லை போலிருக்கிறது.

"வசுமதி, கதவு?"

நீங்கள் வந்து போடுங்கள் என்றேன்.

கட்டில் சத்தம்கூட இல்லை. "நீயே போட்டுடு" என்றார். "நான்தான் இனிமே ஏறப் போறதில்லையே."

அதுவும் சரிதான். இந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுக்கணும்.

நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். இத்தனை மாதம் தொடாததில் மேல் தாழ் துருவேறி இறுகிக் கிடந்தது, இழுத்தால் கிறீச்சென்றது. கையை எடுத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நீ விழித்திருக்கிறாயா என்று காது கொடுத்துக் கேட்டேன். பிறகு சமையலறைக்கு வந்து விரலில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு போய், மேலும் கீழும் தடவி, உனக்குக் கேட்காதபடி, மெதுவாகத் தாழ் போட்டேன்.